முதல் முட்டை விழுந்த பிறகு வரும் சந்தேகங்கள்: வீட்டுக் கோழி வளர்ப்பவர்களுக்குக் கேள்வி பதில்

அணைக்கட்டு பக்கம் நாட்டுக்கோழி வளர்க்கிறேன். குஞ்சு பொரித்து வேலூர், காட்பாடி, குடியாத்தம் வரை கொடுக்கிறேன். வாங்கிப் போகிறவர்கள் ஐந்தாறு மாதம் சத்தமே இல்லாமல் இருப்பார்கள். முதல் முட்டை விழுந்த அன்றைக்குத்தான் போன் அடிக்கும். ஊர் வேறு, வீடு வேறு, ஆனால் சந்தேகம் மட்டும் ஏறக்குறைய ஒன்றேதான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

அஞ்சு மாசம் ஆச்சுண்ணா, இன்னும் ஒரு முட்டைகூட கண்ணுல காட்டல. எப்பதான் வைக்கும்?

நாட்டுக்கோழி என்றால் ஆறு மாதம் பொறுங்கள். சிறுவிடை கொஞ்சம் முந்தும். பெருவிடை ஏழு மாதம்கூட எடுத்துக்கொள்ளும். கிராமப்பிரியா மாதிரி புழக்கடைக்கென்றே உருவாக்கிய இனங்கள் இதைவிடச் சீக்கிரம் தொடங்கும். நாமக்கல் பண்ணை லேயர் கோழி 18 முதல் 20 வாரத்தில் தொடங்கிவிடும் என்று யாராவது சொன்னால், அது உண்மைதான். ஆனால் அது முட்டைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த கோழி, அளந்து போட்ட தீவனம். உங்கள் கோழி குப்பையைக் கிளறி வளர்ந்தது.

ஒரு எச்சரிக்கை. சீக்கிரம் வைக்கட்டும் என்று நாலாவது மாதத்திலேயே லேயர் தீவனம் போடாதீர்கள். அதில் சுண்ணாம்புச் சத்து 3.5 சதவீதத்துக்கு மேல் இருக்கும். முட்டை வைக்காத கோழிக்கு அவ்வளவும் வேண்டாத சுமை, சிறுநீரகம் கெடும். முதல் முட்டையைப் பார்த்த பிறகு மாற்றினால் போதும்.

இன்னிக்கோ நாளைக்கோ வைக்கப் போகுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் கொண்டை. வெளிறிச் சின்னதாக இருந்தது ரத்தச் சிவப்பாகிப் பெரிதாகும். தாடியும் அப்படித்தான். அப்புறம் குரல். இடம் தேடிக்கொண்டு ஒரு மாதிரி இழுத்து இழுத்துக் கேரும். மூலை முடுக்கெல்லாம் நுழைந்து பார்க்கும்: தவிட்டு மூட்டைக்குப் பின்னால், விறகு அடுக்குக்குள், சில வீட்டில் கட்டிலுக்கு அடியில். முதுகில் கையை வைத்தால் ஓடாமல் இறக்கையை விரித்து உட்காரும்.

கையால் பார்த்தும் தெரிந்துகொள்ளலாம். கோழியைத் தூக்கி, பின்பக்கம் முட்டைவாய்க்குக் கீழே இரண்டு பக்கமும் துருத்தும் மெல்லிய எலும்பைத் தடவிப் பாருங்கள். நடுவில் ஒரு விரல்கூட நுழையவில்லை என்றால் இன்னும் நாளிருக்கிறது. இரண்டு மூன்று விரல் தாராளமாக நுழைந்தால் கூடையைத் தயார் பண்ணுங்கள்.

சேவலே இல்லாம பொட்டைக்கோழி முட்டை வைக்குமா?

வைக்கும். முட்டை வைப்பது பெட்டையின் உடம்பு வேலை, சேவலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சேவல் சேர்ந்தால்தான் அந்த முட்டை குஞ்சு பொரிக்கும், அவ்வளவுதான். சாப்பிடுவதற்கு மட்டும் வளர்க்கிறவர்கள், அதுவும் டவுனுக்குள் இருக்கிறவர்கள், சேவல் இல்லாமலேயே வளர்க்கலாம். ருசியிலும் சத்திலும் வித்தியாசம் கிடையாது.

கூடை வெச்சோம், வைக்கோல் போட்டோம், அது வேலி ஓரத்துக் கள்ளிச் செடிக்குள்ள போய் வைக்குது. என்ன பண்றது?

உங்கள் கூடை வெளிச்சத்தில் இருக்கிறது, இல்லையென்றால் ஆள் நடமாடும் இடத்தில் இருக்கிறது. கோழிக்கு வேண்டியது இருட்டும் முதுகுக்கு ஒரு சுவரும். மூலையில் வைத்து முன்பக்கம் பாதி மறைய ஒரு சாக்கைத் தொங்கவிடுங்கள். உள்ளே நாலு விரல் தடிமனுக்கு உமி, மேலே வைக்கோல். உள்ளே ஒரு போலி முட்டை இருக்கட்டும். வழவழப்பான வெள்ளைக் கூழாங்கல்லே போதும், பாலாற்றில் பொறுக்கலாம். முட்டை இருக்கும் இடத்தில் முட்டை வைப்பதுதான் கோழியின் புத்தி.

அதோடு காலை பத்து மணி வரை கூண்டைத் திறக்காதீர்கள். பெரும்பாலான கோழிகள் விடிந்து நாலைந்து மணி நேரத்துக்குள் வைத்துவிடும். ஒரு வாரம் அடைத்து வைத்துப் பழக்கினால் அப்புறம் தானே கூடைக்கு வரும்.

முதல் முட்டை புறா முட்டை சைசுக்கு இருக்குது. உடைச்சா உள்ள மஞ்சக்கருவே இல்ல. கோழிக்கு ஏதாவது நோயா?

நோய் இல்லை. கோழிக்குள் முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகிறது. முதலில் மஞ்சள்கரு சினைப்பையிலிருந்து விழ வேண்டும், மூன்று மணி நேரம் வெள்ளைக்கரு சுற்ற வேண்டும், அப்புறம் சவ்வு, கடைசியாக 20 மணி நேரம் ஓடு. புதுக் கோழியின் உடம்பில் இந்த வரிசை இன்னும் ஒழுங்குக்கு வரவில்லை. மஞ்சள்கரு விழாமலேயே முட்டைக்குழாய் வேலையைத் தொடங்கிவிட்டால் வெறும் வெள்ளைக்கரு முட்டை வரும். இரண்டு மஞ்சள்கரு ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துவிட்டால் இரட்டைக்கரு முட்டை வரும். இரண்டுமே இளங்கோழிகளிடம் சகஜம், இரண்டையுமே சாப்பிடலாம்.

அளவைப் பற்றிக் கவலை வேண்டாம். நாட்டுக்கோழி முட்டை நன்றாக வளர்ந்தாலே 35 முதல் 45 கிராம்தான். கடை முட்டை 50 கிராமுக்கு மேல். முதல் முட்டைகள் அதிலும் சின்னதாகத்தான் இருக்கும். ஒன்றிரண்டு மாதத்தில் அளவு நிலைக்கு வரும்.

ஓட்டுக்கு மேல ரத்தக் கோடு இருக்குது. பார்க்கவே பயமா இருக்குதுண்ணா.

முதல் சில முட்டைகளில் வரும். முட்டைவாய் புதிதாக விரிவதால் சின்னக் கீறல் விழுந்து ரத்தம் ஒட்டுகிறது. துடைத்துவிட்டுச் சமைக்கலாம். வாரக்கணக்கில் தொடர்ந்தாலோ, பின்பக்கம் வீங்கியிருந்தாலோ, மற்ற கோழிகள் அந்த இடத்தைக் கொத்தத் தொடங்கினாலோ கோழியைத் தனியாகப் பிரித்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தத்தைப் பார்த்துவிட்டால் மற்ற கோழிகள் விடாது.

ஓடே இல்லாம தோலோட மெத்து மெத்துன்னு ஒண்ணு விழுந்திச்சு. அதச் சாப்பிடலாமா?

தோல்முட்டை என்பார்கள். ஒன்றிரண்டு வந்தால் மேலே சொன்ன ஒழுங்கின்மைதான் காரணம். அதைச் சாப்பிட வேண்டாம். ஓடு இல்லாத சவ்வு வழியாகக் கிருமி எளிதாக உள்ளே போகும், அது எச்சத்தின் மேல் கிடந்ததா என்பதும் உங்களுக்குத் தெரியாது.

தொடர்ந்து வந்தால் சுண்ணாம்புச் சத்து போதவில்லை. ஒரு சாதாரண முட்டை ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கிறது. நொய்யும் கேழ்வரகும் மட்டும் தின்னும் கோழி அதை எங்கிருந்து எடுக்கும்? தன் எலும்பிலிருந்துதான். கிளிஞ்சல் நொறுக்கியதைத் தனிச் சட்டியில் வையுங்கள். தேவையான கோழி தேவையான அளவு கொத்திக்கொள்ளும். தீவனத்தில் கலந்தால் சேவலும் குஞ்சும் சேர்ந்து தின்னும். வீட்டு முட்டை ஓட்டையே வெயிலில் நன்றாகக் காய வைத்துப் பொடித்தும் போடலாம். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து வைப்பது வேண்டாம், அது வாயைப் புண்ணாக்கும்.

முதல் முட்டைய வீட்ல இருக்கறவங்க சாப்பிடக் கூடாதுன்னு எங்க ஆயா சொல்றாங்க. நெசமா?

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வழக்கம். சில வீட்டில் முதல் முட்டை சாமிக்கு. சில வீட்டில் வீட்டின் கடைக்குட்டிக்கு. சில வீட்டில் அடை வைக்க எடுத்து வைத்துவிடுவார்கள். முதல் இரண்டையும் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. ஆயா சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், மறுநாள் இன்னொரு முட்டை வரத்தான் போகிறது. சாப்பிட்டால் உடம்புக்கு ஆகாது என்று சொன்னால் மட்டும் நம்ப வேண்டாம்.

மூன்றாவதை மட்டும் செய்யாதீர்கள். சின்ன முட்டையில் பொரிக்கும் குஞ்சும் சின்னதாக, சவலையாக வரும். பொரிக்காமல் போவதும் அதிகம். முட்டை அளவு நிலைக்கு வந்த பிறகு அடை வையுங்கள். முதல் முட்டைகளுக்குச் சரியான இடம் அடுப்புதான்.

முட்டைய எடுத்ததும் தண்ணில கழுவிடணுமா?

சுத்தமாக இருந்தால் கழுவாதீர்கள். கோழி முட்டையை வெளியே தள்ளும்போது ஓட்டின் மேல் ஈரமாக ஒரு பூச்சு இருக்கும். சுடச்சுட எடுத்தால் கையில் தெரியும், கண்ணெதிரே சில நொடியில் காய்ந்துவிடும். ஓட்டில் இருக்கும் ஆயிரக்கணக்கான நுண்துளைகளை அடைப்பது அந்தப் பூச்சுதான். தண்ணீரில் கழுவித் தேய்த்தால் அது போய்விடும்.

லேசாக அழுக்கு இருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள். எச்சம் அப்பிக் கிடந்தால் கழுவியாக வேண்டும். அப்போது முட்டையைவிடச் சற்றுச் சூடான தண்ணீரில் சட்டென்று கழுவித் துடைத்து அன்றைக்கே சமைத்துவிடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் ஊறப்போட்டால் உள்ளிருப்பது சுருங்கி அழுக்குத் தண்ணீரை உள்ளே இழுக்கும். எப்படியும் முட்டை எடுத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

நம்ம ஊர் வெயில்ல எத்தனை நாள் வெளிய வைக்கலாம்? பிரிட்ஜ் வேணுமா?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்க வேண்டும். கடைசியில்தான் கேட்கிறார்கள். சித்திரை வைகாசியில் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டும். ஓட்டு வீட்டுக்குள்ளும் தகர ஷெட்டிலும் அதற்குக் குறையாது. குளிர் தேசத்துக்காரர்கள் மேசை மேல் இரண்டு வாரம் வைக்கலாம் என்று சொல்வது நமக்குப் பொருந்தாது. கத்திரி வெயில் நாளில் காலை ஒரு முறை, மதியம் ஒரு முறை முட்டையை எடுங்கள். பிரிட்ஜ் இருந்தால் உடனே உள்ளே வையுங்கள், கூர்முனை கீழே பார்க்க. ஒரு மாதம் நிற்கும். உள்ளே வைத்ததை வெளியே எடுத்துவிட்டுத் திரும்ப வைக்காதீர்கள். வேர்த்து ஈரமாகி மேல்பூச்சு கெடும்.

பிரிட்ஜ் இல்லையென்றால் பழைய முறை நன்றாகவே வேலை செய்கிறது. அகன்ற மண்சட்டியில் ஈர மணல் பரப்பி, அதன் மேல் சின்ன மண்பானையை வைத்து, முட்டையைப் பானைக்குள் காய்ந்த உமியில் புதைத்து, மேலே துணி கட்டி வையுங்கள். மணலில் மட்டும் ஈரம் இருக்க வேண்டும், முட்டையில் படக்கூடாது. வெயில் காலத்தில் இப்படியும் நாலைந்து நாளுக்குள் தீர்த்துவிடுவது நல்லது. ஓட்டின் மேல் பென்சிலால் தேதி போடுங்கள். மார்கழி தை மாதத்தில் இவ்வளவு பதற வேண்டாம்.

அவ்ளோ ஆசையா வேக வெச்சா ஓடு உரிக்க வரல. பாதி வெள்ளை ஓட்டோடயே போயிடுச்சு. முட்டை சரியில்லயா?

முட்டை மிகவும் சரியாக இருக்கிறது, அதுதான் சிக்கல். புது முட்டையின் வெள்ளைக்கருவில் கரியமில வாயு நிறைய கரைந்திருக்கும். அந்த நிலையில் வெந்தால் வெள்ளை உள்சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். நாளாக ஆக அந்த வாயு நுண்துளை வழியே வெளியேறும், அப்புறம்தான் சுலபமாக உரியும். கடை முட்டை உங்கள் வீட்டுக்கு வரும்போதே சில நாள் ஆகியிருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. உடைத்தால் வெள்ளை சற்றுக் கலங்கலாகத் தெரிவதும் இதே வாயுவால்தான். அதுவும் புதுசுக்கு அடையாளம்.

வேக வைத்தே தீர வேண்டும் என்றால் ஒரு வாரம் பிரிட்ஜில் வைத்த முட்டையை எடுங்கள். இல்லையென்றால் பச்சைத் தண்ணீரில் போட்டுச் சுட வைக்காமல், இட்லிப் பானையில் ஆவி வந்த பிறகு தட்டில் அடுக்கிப் பன்னிரண்டு நிமிடம் வேக விட்டு, உடனே குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். ஓரளவு உரிக்க வரும்.

அப்ப புது முட்டைய எப்படிச் செஞ்சாதான் ருசி தெரியும்?

புது முட்டைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. ஒரு தட்டில் உடைத்துப் பாருங்கள். வெள்ளை தண்ணீராக ஓடாமல் மஞ்சள்கருவைச் சுற்றி மேடாகத் திரண்டு நிற்கும். மஞ்சள்கரு குமிழாக எழும்பி நிற்கும். விரலால் லேசாக அழுத்தினாலும் உடையாது. அந்தக் குணம் தெரியும்படி சமைப்பதுதான் முறை. அதனால் எனக்குப் பிடித்தது உடைத்து ஊற்றிய முட்டைக் குழம்புதான். சின்ன வெங்காயம், தக்காளி, பூண்டு வதக்கி, மிளகாய்த்தூள், மல்லித்தூள், புளி போட்டுக் குழம்பு நன்றாகச் சுண்டி எண்ணெய் பிரிந்ததும் தீயைக் குறையுங்கள். முட்டையைக் கரண்டியில் உடைத்து, குழம்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மெதுவாக இறக்குங்கள். ஒன்றின் மேல் ஒன்று விழாமல் இடம் விட்டு இறக்கி, கிளறாமல் மூடிவிடுங்கள். பழைய முட்டை குழம்பெங்கும் நூல் நூலாகப் பரவும். புது முட்டை விழுந்த இடத்திலேயே உருண்டு வேகும். கேழ்வரகுக் களி கிண்டி நடுவில் குழி பறித்து இதை ஊற்றிச் சாப்பிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

முதல் முட்டைகள் சின்னவை என்பதால் பணியாரச் சட்டியும் நன்றாக அமையும். குழிக்கு அரை ஸ்பூன் நல்லெண்ணெய், ஒரு முட்டை, மேலே உப்பும் பொடித்த மிளகும். ஒரு பக்கம் வெந்ததும் திருப்பிப் போடுங்கள். கருவாட்டுக் குழம்பில் கத்தரிக்காயோடு முட்டை உடைத்து ஊற்றுகிற வீடுகள் உண்டு. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கிடைக்கும் நாளில் அதையும் விடாதீர்கள். பிரியாணிக்கு அவித்த முட்டை வேண்டுமென்றால் கடை முட்டையே வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் முட்டையை அதில் வீணாக்காதீர்கள்.

நாட்டு முட்டைன்னா மஞ்சக்கரு செவசெவன்னு இருக்கணுமே. எங்களது வெளுத்திருக்கே?

நிறம் தின்பதிலிருந்து வருகிறது. நொய்யரிசியும் தவிடும் மட்டும் போட்டால் எந்தக் கோழிக்கும் மஞ்சள்கரு வெளுக்கும். மக்காச்சோளம், முருங்கைக் கீரை, அகத்திக் கீரை, கொல்லையில் மேயும் பச்சைப் புல் எல்லாம் சேர்ந்தால் இரண்டு மூன்று வாரத்தில் நிறம் ஏறும். பண்ணைத் தீவனத்தில் நிறமி சேர்த்தும் அதே நிறத்தைக் கொண்டுவரலாம். அதனால் நிறத்தை மட்டும் பார்த்து நாட்டு முட்டை என்று முடிவு கட்டாதீர்கள். ஓட்டின் நிறமும் அப்படித்தான், அது இனத்தைப் பொறுத்தது. பழுப்பு ஓடு உள்ளதெல்லாம் நாட்டு முட்டை இல்லை. கருங்கோழி என்கிற கடக்நாத்தின் முட்டைகூடக் கறுப்பு இல்லை, வெளிர் பழுப்புதான்.

கடை முட்டைய விட இதுல சத்து ஜாஸ்திதானே?

புரதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நாட்டு முட்டையில் வெள்ளையோடு ஒப்பிட்டால் மஞ்சள்கருவின் பங்கு அதிகம், அதனால் ருசி கொழுமையாகத் தெரியும். கீரை, பூச்சி தின்று வெளியில் மேயும் கோழி முட்டையில் சில வைட்டமின்கள் கூடுதலாக இருக்கும். மருந்து மாதிரி நினைக்க வேண்டாம். நேற்று வைத்ததை இன்றைக்குச் சாப்பிடுகிறீர்கள், அந்தக் கோழி என்ன தின்றது என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு அதுவே போதும்.

கடலைப் புண்ணாக்கு நம்ம ஊர்ல சீப்பா கிடைக்குது. முட்டை வைக்கற கோழிக்குப் போடலாமா?

போடலாம், நல்ல புரதம். ஆனால் வேர்க்கடலையில் ஈரம் பட்டால் வளரும் பூஞ்சை அஃப்லாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது கோழியின் ஈரலைக் கெடுக்கும், முட்டை குறையும், முட்டைக்குள்ளும் கொஞ்சம் வரும். சூடு பண்ணினால் போகாது, வெயிலில் காய வைத்தாலும் போகாது. மக்கு வாசம் வந்தாலோ, பச்சை மஞ்சள் பூத்திருந்தாலோ மூட்டையோடு தூக்கிப் போடுங்கள். மழைக்காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள்.

உடைச்சா மஞ்சக்கருல சிவப்பா ஒரு பொட்டு. பக்கத்துல வெள்ளையா கயிறு மாதிரி வேற. குஞ்சு உருவாயிடுச்சா?

இல்லை. மஞ்சள்கரு சினைப்பையிலிருந்து பிரியும்போது சின்ன ரத்தக்குழாய் அறுந்தால் அந்தப் பொட்டு வரும். சேவலே இல்லாத வீட்டிலும் வரும். பிடிக்கவில்லை என்றால் ஸ்பூன் நுனியால் எடுத்துப் போடுங்கள். வெள்ளைக் கயிறு மஞ்சள்கருவை நடுவில் பிடித்து வைக்கும் கட்டு. அது தடிப்பாகத் தெரிந்தால் முட்டை புதுசு.

எம் பொண்ணு பெரிய மனுஷி ஆயிட்டா. நாட்டு முட்டையப் பச்சையா நல்லெண்ணெயோட குடுக்கணும்னு எங்க அத்தை ஒத்தக்கால்ல நிக்கறாங்க. குடுக்கலாமா?

முட்டையும் நல்லெண்ணெயும் உளுந்தங்களியும் கொடுங்கள், வளர்கிற பிள்ளைக்கு நல்ல சாப்பாடு. பச்சையாக மட்டும் வேண்டாம். கோழி பார்க்க நன்றாக இருந்தாலும் சால்மோனெல்லா கிருமி ஓட்டின் மேலும் சில நேரம் உள்ளேயும் இருக்கலாம். அதோடு பச்சை முட்டையின் புரதம் முழுதாகச் செரிக்காது. பச்சை வெள்ளைக்கரு பயோட்டின் என்ற வைட்டமினையும் உடம்பில் சேரவிடாது. வேக வைத்தால் இரண்டும் சரியாகிவிடும்.

அத்தைக்கும் மனசு நோகக்கூடாது அல்லவா? அதே நல்லெண்ணெயைச் சட்டியில் ஊற்றி அதே முட்டையை உடைத்து வெள்ளையும் மஞ்சளும் கெட்டியாகும் வரை வேக வைத்துக் கொடுங்கள். கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் இதே பதில்தான்.

கழிச்சலுக்கு ஊசி போட்ட கோழி முட்டைய எத்தனை நாள் கழிச்சுச் சாப்பிடலாம்?

தடுப்பூசிக்கு நாள் கணக்கு தேவையில்லை, சாப்பிடலாம். வெள்ளைக்கழிச்சல் என்கிற ராணிக்கெட் நோய்க்கு 7-ம் நாள் கண்ணில் அல்லது மூக்கில் சொட்டு, 8-வது வாரம் ஊசி என்பது வழக்கமான முறை. ஊசியை முட்டைப் பருவத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். முட்டை வைத்துக்கொண்டிருக்கும் கோழிக்குப் போட்டால் சில நாள் முட்டை குறையும். நமக்கு மருந்து தூரத்தில் இல்லை. 1932-ல் தொடங்கிய கால்நடை நோய் தடுப்பு மருந்து நிலையம் ராணிப்பேட்டையில்தான் இருக்கிறது. பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

ஆன்டிபயாடிக், பூச்சி மருந்து விஷயம் வேறு. அவை முட்டையில் இறங்கும். எத்தனை நாள் முட்டையை ஒதுக்க வேண்டும் என்று மருந்து எழுதும் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மெடிக்கலில் தானாக வாங்கிப் போட்டால் அந்தக் கேள்வியைக் கேட்க ஆளே இருக்காது.

பன்னெண்டு முட்டை வெச்சுது, அப்புறம் நின்னுடுச்சு. கூடையிலயே குந்திக்கினு கிட்டப் போனா கொத்துது. என்னாச்சு?

அடைக்கு வந்துவிட்டது. நாட்டுக்கோழியின் இயல்பே அதுதான்: பத்துப் பதினைந்து முட்டை, அப்புறம் அடை. குஞ்சு பொரித்து வளர்த்தால் திரும்ப முட்டைக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகும். அதனால்தான் ஆண்டுக்கு 60, 80 முட்டையோடு நிற்கிறது. குஞ்சு வேண்டாம் என்றால் கூடையிலிருந்து தூக்கி, அடியில் காற்றோட்டமான கம்பிக் கூண்டில் மூன்று நாலு நாள் விடுங்கள். தீவனமும் தண்ணீரும் தாராளமாக வையுங்கள். தண்ணீரில் முக்குவது, மூக்கில் இறகு குத்துவது எல்லாம் வேண்டாத கொடுமை.

வெயில் ஏற ஏற முட்டை குறையுது, வைக்கறதும் மெல்லிசா இருக்குது. தோல்முட்டைக்குச் சொன்ன கிளிஞ்சல் போட்டாச்சு.

இது கிளிஞ்சல் பிரச்சினை இல்லை. கோழிக்கு வேர்வை கிடையாது, வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். அப்படி இரைக்கும்போது உடம்பிலிருந்து கரியமில வாயு அதிகமாகப் போய்விடும். ஓட்டுக்கு அந்த வாயுவும் வேண்டும். சுண்ணாம்பு இருந்தும் ஓடு மெலிவது அதனால்தான். தின்பதும் குறைந்துபோகும். நிழல், மண்சட்டியில் அடிக்கடி மாற்றிய தண்ணீர், தகரக் கூரை மேல் தென்னங்கீற்று, தீவனத்தை விடியற்காலையிலும் சாயங்காலமும் போடுவது: இவ்வளவுதான் செய்ய முடியும். ஆடியில் காற்றடிக்கத் தொடங்கியதும் தானே சரியாகும்.

கோழியே முட்டைய உடைச்சுக் குடிக்குதுண்ணா. பழகிடுச்சு போல.

பெரும்பாலும் மெல்லிய ஓடு தானாக உடைந்து, ருசி கண்டு, அப்புறம் பழகும். அதனால் முதலில் ஓட்டைச் சரிபண்ணுங்கள், மேலே இரண்டு இடத்தில் சொல்லியாகிவிட்டது. முட்டை விழுந்ததும் எடுங்கள். கூடைக்குள் இருட்டு போதுமா என்று பாருங்கள். கூழாங்கல்லைக் கொத்திக் கொத்தி அலுத்துப்போய் விடுகிற கோழிகளும் உண்டு. எதற்கும் அடங்காத ஒன்று இருந்தால் அதற்கு வழி உங்களுக்கே தெரியும், மிளகுக் குழம்பு.

வைக்கோல் போருக்குப் பின்னால ஒரு குவியல் கிடைச்சுது. எப்ப வெச்சதுன்னே தெரியல. தண்ணில போட்டுப் பார்த்தா போதுமா?

ஒரு சட்டித் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். அடியில் படுத்தால் புதுசு. அடியில் நின்றால் நாளானது. மிதந்தால் உள்ளே காற்றறை பெருத்துவிட்டது, எறிந்துவிடுங்கள். ஆனால் தண்ணீர் சொல்வது வயதை மட்டும்தான், கிருமி இருக்கிறதா என்பதை அது சொல்லாது. அடியில் நின்றவற்றை ஒவ்வொன்றாகத் தனிக் கிண்ணத்தில் உடைத்து முகர்ந்து பார்த்து, நன்றாக வேக வைத்துச் சாப்பிடுங்கள். நேராகத் தோசைக்கல்லில் உடைக்காதீர்கள். தண்ணீரில் போட்டதால் மேல்பூச்சும் போய்விட்டது, எடுத்து வைக்க வேண்டாம். கத்திரி வெயிலில் கண்டெடுத்த குவியல் என்றால் சோதனையே வேண்டாம், எருக்குழிக்குப் போகட்டும்.

சேவல் இருக்குது. வெளிய வெச்சு மூணு நாள்தான் ஆச்சு. உடைச்சா சிவப்பு நரம்பு வலை மாதிரி. இதுவும் அந்த ரத்தப் பொட்டுதானா?

இல்லை, இது வளரத் தொடங்கிய கரு. சேவல் சேர்ந்த முட்டை குளிர்ச்சியாக இருக்கும்வரை அப்படியே கிடக்கும். உங்கள் சமையல்கட்டு மே மாதத்தில் கிட்டத்தட்ட அடைக்கோழியின் வயிற்றுச் சூட்டை எட்டிவிடுகிறது. இல்லையென்றால், நீங்கள் எடுப்பதற்கு முன்பே வேறொரு கோழி அதன் மேல் உட்கார்ந்திருக்கும். அதைக் கொட்டிவிடுங்கள். சேவல் வைத்திருக்கும் வீட்டுக்கு வெயில் காலத்தில் முட்டையை அன்றன்றைக்கு எடுத்துக் குளிர்ச்சியில் வைப்பது இன்னும் முக்கியம்.

நாலு கோழில எது வைக்குது, எது சும்மா தின்னுக்கினு கீதுன்னு எப்படித் தெரியும்?

கொண்டைச் சிவப்பும் விரல் கணக்கும் மேலே சொன்னதுதான். வைக்கிற கோழியின் முட்டைவாய் அகலமாக, ஈரமாக இருக்கும். வைக்காததில் சுருங்கி உலர்ந்திருக்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் இரண்டு நாள் தனித்தனிக் கூடையில் கவிழ்த்து வையுங்கள். ஒரே வாரத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இறகு உதிர்க்கும் கோழியும் அடை முடித்த கோழியும் ஓய்வில் இருக்கும்.

நாங்க சத்துவாச்சாரில இருக்கோம். விடியக்காலம் சேவல் கூவறதுக்குப் பக்கத்து வீட்ல சண்டைக்கு வர்றாங்க. தினம் ரெண்டு முட்டை குடுத்தா அடங்குவாங்களா?

ஒரு வாரம் அடங்குவார்கள். சேவல் மூன்றரை மணிக்குக் கூவினால் முட்டை எல்லாம் எடுபடாது. உங்களுக்குக் குஞ்சு தேவையில்லை என்றால் சேவலைக் கிராமத்தில் யாருக்காவது கொடுத்துவிடுங்கள், முட்டை நிற்காது. அதை எடுத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் வரை விழும் முட்டைகளில் கரு கூடியிருக்கலாம், அந்த நரம்பு வலை விஷயத்தை அதுவரை மறக்க வேண்டாம். முட்டையை அப்புறமும் கொடுங்கள். கழுவாதது, இன்ன தேதி வைத்தது, அவிப்பதானால் ஒரு வாரம் கழித்து என்று சொல்லிக் கொடுங்கள், இல்லாவிட்டால் ஓடு உரியவில்லை என்று அதற்கும் வந்து நிற்பார்கள்.